முப்பதடி ஓட்டம்

சூலூரில் ஒரு கிரில் பட்டறை இருந்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அந்தப் பட்டறையில் திருமூர்த்தி நாற்பது வருடமாக இரும்பை அடித்தார். இரும்பு சும்மா இருக்குமா? அவர் காதைத் திருப்பி அடித்துவிட்டது. ஆறு வருடமாக அவர் வாயில் ஓயாத வார்த்தை, "சத்தமாப் பேசு!" என்பதுதான்.

அவர் மனைவி மயிலாத்தாளும் சத்தமாகத்தான் பேசினாள். சோறு ஆச்சு, கேஸ் வந்தாச்சு, கரண்ட் போச்சு. இதையெல்லாம் கத்திச் சொல்லலாம். கேலியையும் கொஞ்சலையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல முடியுமா? அவற்றை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில் அந்த வீட்டுக்கு ஒரு காது மிஷின் வந்தது. "ஒரு வாரம் போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா பெட்டியோட திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொன்ன கடைக்காரப் பெண், அதை வீட்டுப் போனோடு சேர்த்துவைத்தாள்.

போன், "சம்மதமா?" என்று கேட்டது. மிஷின், "சம்மதம்" என்றது. இரண்டும் சரி என்ற அந்த நொடியில் பிறந்தவள்தான் ப்ளூடூத் அலை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பெண். பிறந்த உடனே ஓடத் தயாராக நின்றாள்.

"உன்னால எவ்வளவு தூரம் ஓட முடியும்?" என்று போன் கேட்டது.

"முப்பதடிங்க."

போன் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்து விழப் பார்த்தது. "கனடாவுல இருக்கற மக சுகந்தி குரலை நான் கண் சிமிட்டறதுக்குள்ள இங்கே கொண்டாறேன். கடல் தாண்டறவன் நான். நீ வாசலைத் தாண்ட மாட்டே!"

"நீங்க கொண்டாறதை அவரு காதுல கொண்டுபோய்ச் சேர்க்கறது யாருங்க?"

"அதெல்லாம் ஒரு வேலையா!" என்றது போன். அலைக்கு மனசு வலித்தது.

ஆறு நாள் ஓடியது. திருமூர்த்திக்கு மிஷின் பிடிக்கவில்லை. குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய், லாரி ஹாரன் எல்லாம் ஒரே அளவில் உள்ளே புகுந்தன. "ஊரே காதுக்குள்ள குடி வந்துடுச்சு. திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன்" என்று சனிக்கிழமை சொல்லிவிட்டார்.

"உங்க இஷ்டமுங்க!" என்று பழக்கம் விடாமல் கத்தினாள் மயிலாத்தாள். முகம் மட்டும் வாடிவிட்டது.

"நான் மறுபடியும் பெட்டிக்குள்ளதான்" என்று மிஷின் பெருமூச்சு விட்டது.

"நீ பெட்டிக்குள்ள போனா எனக்கு உயிரே இல்லை" என்றாள் அலை. "நாளைக்கு ஒரு நாள் இருக்கு. ஓடிப் பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. போனில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கி யார் பக்கத்தில் வைத்தாலும், அவர் பேச்சு நேரே மிஷினுக்குப் போய்விடும். திருமூர்த்தி போனை டிவி பக்கத்தில் வைத்துச் செய்தி கேட்டார். கேட்டு முடித்தவர் பொத்தானை அணைக்க மறந்துவிட்டு, ஓர் இரும்பு கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு என்கிற சிவப்புப் பெயிண்ட் அடிக்கப் பட்டறைக்குப் போனார். சுகந்தி கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று மயிலாத்தாள் போனைச் சமையலறைக்குக் கொண்டுவந்து அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைத்தாள். பிறகு அரிசிம்பருப்புச் சோற்றைக் கிளறிக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஆறு வருடமாக அவளுக்குப் பேச்சுத்துணை அடுப்புதான்.

"இந்த முணுமுணுப்பையெல்லாமா தூக்கிக்கிட்டு ஓடப் போறே?" என்றது போன். "நடுவுல சுவர். அந்தப் பக்கம் நாலு இரும்பு கேட். பேசாம இரு."

"குடுங்க சீக்கிரம்!" என்று பறித்துக்கொண்டு ஓடினாள் அலை.

சுவரில் முட்டி மூச்சு வாங்கினாள். பாதி வார்த்தை வழியிலேயே சிந்திப்போனது. பட்டறையில் இரும்பு கேட்டுகள் வரிசையாக நின்று, "எங்களைத் தாண்டி ஒருத்தரும் போக முடியாது!" என்று மிரட்டின.

"கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல சந்து இருக்குமில்லீங்க!" என்று சொல்லிக்கொண்டே அலை நுழைந்து போய்விட்டாள்.

திருமூர்த்தியின் காதுக்குள் ஒரு குரல் கேட்டது. கத்தாத குரல். அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"...இப்பத்தான் தண்ணி குடுக்கப் போனேன், மூக்கு நுனியில செவப்புப் பெயிண்ட்டோட நிக்கறாரு. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கும் இதே மூக்குல பட்டறை மசி. எங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. என்னையப் பார்க்கற அவசரத்துல முகங்கூடக் கழுவாம ஓடியாந்திருக்காருன்னு எனக்குப் பட்டுது. அந்த மசிக்காகத்தான் நான் சரின்னேன். முப்பத்தி நாலு வருசமாச்சு, இன்னும் அவர்கிட்டச் சொல்லல. இனி எங்கே சொல்றது? இது கத்திச் சொல்ற விசயமா?"

பிரஷ் கீழே விழுந்தது. திருமூர்த்தி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அப்படியே சமையலறையைப் பார்த்து நடந்தார்.

"எவ்வளவு தூரம் ஓடினே?" என்று போன் கேட்டது.

"இருபத்தஞ்சு அடி இருக்குமுங்க" என்றாள் அலை, மூச்சு வாங்க.

போன் இந்த முறை சிரிக்கவில்லை. "இதுக்குக் கனடாவே பக்கந்தான் போல" என்றது.

மயிலாத்தாள் திரும்பிப் பார்த்து, வழக்கம்போல் கத்தினாள். "என்னங்க? சோறு இன்னும் ஆகலைங்க!"

"மயிலு, அந்த மசிக் கதையை இன்னொருக்காச் சொல்லு."

அவள் அவர் காதைப் பார்த்தாள். அஞ்சறைப் பெட்டி பக்கத்திலிருந்த போனைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. அவர் மூக்கைவிட அவள் முகம் அதிகமாகச் சிவந்தது.

"ஐயோ, போங்க! எனக்கு வெக்கமா இருக்குது!" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

திருமூர்த்தி சிவப்பு விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவாப் பேசு" என்றார்.