ஐந்தாம் எயிலின் சாவி

பரிசு ஒன்று. அதற்கு உரியவர் என்று நிற்பவர் மூவர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் இளவெயினி என்பவர் கணினி விளையாட்டுகள் உருவாக்குகிறார். அவருடைய போர்த்தந்திர ஆட்டத்துக்கு 'எயில்' என்று பெயர். கோட்டை மதில் என்று பொருள். நான்கு பாகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் 'கோட்டையை அடை' என்ற ஒரே கட்டளையோடு தொடங்கும். படை திரட்டி, அகழி தாண்டி, யானையை விட்டுக் கதவை உடைத்து உள்ளே போனால் வெற்றி. அத்தனை பெரிய ஆட்டத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இருந்ததில்லை. ரசிகர்கள் அதையும் சொல்லிப் பூரித்துப்போவார்கள்.

ஐந்தாம் பாகத்துக்கு முன் அவர் இணையத்தில் இருக்கும் ரசிகர் பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார்: "எயிலை முதலில் அடைத்தவருக்கே வெண்கலச் சாவி. அவர் என்னோடு உட்கார்ந்து ஆறாம் பாகத்தை உருவாக்கலாம்."

அந்தப் பக்கத்தை நடத்துபவர் ஜெசிந்தா; பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவர். 'அடைத்தவருக்கே' என்று கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. அவசரத்தில் ஒற்று மாறிவிட்டது போலும் என்று 'அடைந்தவருக்கே' ஆக்கிப் பதிவேற்றினார்.

ஆட்டம் வந்தது, கூடவே ஏமாற்றமும் வந்தது. கட்டளை அதேதான். ஆனால் யானை இல்லை. கோட்டைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தறி ஓடியது. தெருவில் பிள்ளைகள் விளையாடினார்கள். படை நெருங்கியதும் பிள்ளைகள் பதறி ஓடினார்கள். படை உள்ளே நுழைந்தால் 'தோற்றாய்' என்று திரை அணைந்தது. எப்படி நுழைந்தாலும் அதே கதி.

முதலில் நுழைந்தவர் கதிரேசன், நான்கு பாகங்களிலும் முதல்வர். "கோட்டைக்குள்ள நுழைஞ்ச பிறகு தோத்தேங்குது. சிக்ஸர் அடிச்சவனுக்கு அவுட் குடுத்த மாதிரி இருக்கு!" என்று பக்கத்தில் பொருமினார்.

அவரைவிட உரக்கத் திட்டியவர் மருந்துக்கடை இலியாஸ். "பிள்ளைங்க ஓடுறதைப் பார்க்கச் சகிக்கலை. தோத்தா தோக்குறேன்னு வாசல்லயே படையைத் திருப்பிக் கதவைச் சாத்திட்டேன். அதோட ஆட்டம் முடிஞ்சிருச்சு! ஜெயிச்சேன்னும் இல்லை, தோத்தேன்னும் இல்லை. மதில்மேல ஒரு விளக்கு எரியுது, அவ்வளவுதான். இதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?"

இதைப் படித்த ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'அடை' என்றால் போய்ச் சேர் என்றும் பொருள். மூடு என்றும் பொருள். அடைந்தவர் சேர்ந்தவர், அடைத்தவர் மூடியவர். இளவெயினி பிழை விடவில்லை. ஜெசிந்தா தம் தவறை அப்போதே பக்கத்தில் எழுதினார். பிறகு தாமும் ஆடிக் கதவை அடைத்தார். விளக்கு எரிந்தது.

மூவரும் இளவெயினியின் அலுவலகத்தில் கூடினார்கள்.

"பக்கத்துல போட்டிருந்ததை அப்படியே செஞ்சேன்" என்றார் கதிரேசன். "எழுத்தை மாத்தினது நானாங்க?"

"பொருள் தெரிஞ்சு அடைச்ச முதல் ஆள் நான்தான் மேடம்" என்றார் ஜெசிந்தா. "இலியாஸ் அண்ணன் போட்டது தெரியாம கால்பட்டு விழுந்த கோல்."

"இருக்கட்டும்மா, கோல் கோல்தானே?" என்றார் இலியாஸ். "சாவியைக் குடுங்க. முதல் வேலையா அந்த யானையைத் திரும்பக் கொண்டுவரணும்."

வார்த்தையை நம்பி நடந்தவர் ஒருவர். வார்த்தையைப் புரிந்துகொண்டவர் ஒருவர். புரியாமலே செய்துவிட்டு, ஆட்டத்தையே திட்டுபவர் ஒருவர். வெண்கலச் சாவி இவர்களில் யாருக்கு?

விடை: இலியாஸுக்கே. கதிரேசன் மேல் குற்றமில்லை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த கோட்டையில் பிள்ளைகள் ஒளிந்துகொண்டார்கள். ஜெசிந்தா கதவை அடைத்தபோது, அதற்குப் பின் விளக்கு எரியும், சாவி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். தோல்வி என்றே நம்பிக்கொண்டு கதவைச் சாத்தியவர் இலியாஸ் ஒருவர்தான். அப்படி ஒருவர் சாத்துவாரா என்று பார்க்கத்தான் இளவெயினி வெற்றி என்ற சொல்லையே அந்தத் திரையில் வைக்கவில்லை. அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று ரசிகர்கள் நினைத்த இடத்தில்தான் அவருடைய கைவண்ணம் இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "யானையைக் கொண்டு வந்திடலாம் சார். ஆனா அது கதவை எந்தப் பக்கமிருந்து தள்ளணும்னு நீங்கதான் சொல்லணும்."