ஓநாய் தூக்கிய பிள்ளை

அந்தக் காலத்தில் ஓநாய்க்கும் அண்டங்காக்கைக்கும் பேச்சு வரும். பேச்சு வந்ததால் சண்டையும் வரும். வடக்கே, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் காட்டோரத்து ஊரொன்றில் ஹில்ட்ரூன் என்பவள் இருந்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவள் கணவன் ஆற்றில் மூழ்கிப் போய்விட்டான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையை ஒன்பதாம் நாள் வெறுந்தரையில் கிடத்துவார்கள். தகப்பன் குனிந்து தூக்கிப் பெயர் வைத்தால்தான் அது ஊர்ப்பிள்ளை. தகப்பன் இல்லாவிட்டால் வேறு யாராவது தூக்கலாம். தூக்கியவர்தான் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். பெற்றவள் தூக்கினால் செல்லாது. ஒருவரும் தூக்காத பிள்ளையைக் காட்டில் விட்டுவிடுவார்கள். பஞ்சம் பெற்றுப்போட்ட பாழாய்ப்போன வழக்கம். அந்தக் குளிர்காலத்திலோ ஊரே பட்டினி. யார் தூக்குவார்கள்?

எட்டாம் நாள் காலை ஹில்ட்ரூன் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கோடரியோடு காட்டுக்குள் போனாள். கறியோடு திரும்பினால் எவனாவது இரங்கமாட்டானா என்ற நப்பாசை. வழியில் ஓர் ஓநாய் எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. மேலே கிளையில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது.

“எதுக்குக் காத்திருக்க?” என்றாள்.

“அவன் சாகத்தான். மலைக்குப் பின்னால மான் கூட்டமே மேயுது. பார்த்து என்ன பண்ண? எனக்குக் கொல்லத் தெரியாதே.”

“எனக்குக் கொல்லத் தெரியும். எங்கேன்னுதான் தெரியல,” என்று முனகியது ஓநாய். “இந்தக் கறுப்பன் சொல்லவும் மாட்டான்.”

“ஒருத்தனுக்குக் கண்ணு, ஒருத்தனுக்குப் பல்லு. ரெண்டு பேருக்கும் வீம்பு! நல்லா இருக்குடா உங்க பொழப்பு,” என்றாள் ஹில்ட்ரூன்.

கோடரியை ஓங்கியிருந்தால் அவளுக்கு அன்றைக்குக் கறி. ஆனால் சாகக் கிடப்பதை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. கோடரியைக் கீழே போட்டுவிட்டு, தன் பிள்ளைக்கு இருந்த பாலைக் கையில் பீய்ச்சி ஓநாயின் வாயில் விட்டாள். ஓநாய் தள்ளாடி எழுந்ததும், “சரி, வா. மானைக் காட்டறேன்,” என்று காக்கை முன்னால் பறந்தது. ஹில்ட்ரூன் வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

மறுநாள் பிள்ளை பனித்தரையில் கிடந்தது. “யார் தூக்குறீங்க?” என்று ஊர்த்தலைவன் கெரோல்ட் மூன்று தடவை கேட்டான். ஒருவரும் குனியவில்லை.

அப்போது கூட்டம் அலறி விலகியது. ஓநாய் முழு மானை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டது. பிள்ளையைத் துணியோடு கவ்வித் தூக்கி, தாயின் மடியில் வைத்தது.

“மிருகம் தூக்கினா செல்லுமா?” என்றான் கெரோல்ட்.

“தூக்கினவன்தான் பிள்ளை வயித்தைப் பார்க்கணும். மொத்த ஊர் வயித்துக்கும் கொண்டாந்திருக்கேன். இந்தத் தாய்ப்பாலைக் குடிச்சவன் நான், இவனுக்கு அண்ணன். நீங்க யாரு, இவனுக்கு?” என்றது ஓநாய்.

கெரோல்ட் தலைகுனிந்தான். “அப்ப பேர் சொல்லு.”

“பேர் நான் சொல்றேன்,” என்று இறங்கியது காக்கை. அவர்கள் மொழியில் ஓநாய் ‘வோல்ஃப்’, அண்டங்காக்கை ‘ராம்’. நம் ஊர் ராமருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. “வோல்ஃப்ராம்! பேருல பல்லு முன்னால போகட்டும், கண்ணு பின்னால வரும். எங்க ரெண்டு பேர் பேரும் இவனுக்கு. இனி இவனைத் தொடுறவன் எங்களைத் தொடணும்.”

ஹில்ட்ரூன் எழுந்து நின்று, யாரிடமும் கேட்காமல், அந்தப் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டாள். பிள்ளையின் பெயர் காடு வரைக்கும் கேட்டது.

அன்று முதல்தான் ஓநாய் நடக்கும் வழிக்கு மேலே அண்டங்காக்கை பறக்கிறது. அன்று முதல்தான் அந்த நாட்டில் மகனுக்கு வோல்ஃப்ராம் என்று பெயரிடும் தாய், அதைக் காதோடு காதாகச் சொல்லாமல், நிமிர்ந்து நின்று ஊரைப் பார்த்துச் சொல்கிறாள்.