தவிட்டுக்குருவியின் உச்சிக் காவல்

அந்தக் காலத்தில், பறவைகளின் பேச்சு மனிதர்களுக்கும் புரிந்தபோது, ஒரு குளத்தங்கரையில், முள் அடர்ந்த உடைமரக் காட்டில் மாடத்தி என்ற தவிட்டுக்குருவி தன் தங்கை தம்பிகளோடு குடியிருந்தாள். மூத்தவள் அவள்தான். அம்மாவைப் பாம்பு கொண்டுபோன பிறகு அத்தனை பேரையும் சிறகுக்குள் வைத்து வளர்த்தவளும் அவள்தான். அதனால் கூட்டத்தின் எல்லா அதிகாரமும் அவளிடமே இருந்தது. எந்தப் புதரடியில் மேய்வது என்று அவள் சொல்வாள். ஒரு புழுவுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் யாருக்கு என்று அவளே தீர்ப்பாள். ஆபத்து வந்தால் கூவுவதும் அவளே.

"கண்டவங்க கண்டபடி கத்தினா யார் பேச்சைக் கேட்டு ஓடுறது?" என்பாள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அக்கா மேல் அவர்களுக்குப் பயத்தைவிடப் பாசம்தான் அதிகம்.

மழை விட்ட ஒரு காலையில் புற்றிலிருந்து ஈசல் பொங்கிக்கொண்டு வந்தது. கூட்டம் முழுக்கத் தரையில் இறங்கியது. கொழுத்த ஈசல் ஒன்றுக்காக இரண்டு தங்கைகள் இறகைப் பிய்த்துக்கொள்ள, மாடத்தி நடுவில் புகுந்து விலக்கிக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி பிச்சி மட்டும் தற்செயலாக நிமிர்ந்தாள். பனைகளுக்கு மேலிருந்து ஒரு வல்லூறு சரிந்து வந்துகொண்டிருந்தது. பிச்சி வாயைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

வல்லூறு தம்பி இசக்கியின் முதுகில் இறங்கியது. அவன் அலறிய பிறகுதான் மாடத்தி திரும்பினாள். அவள் பாய, அவள் பின்னாலேயே எல்லோரும் பாய்ந்து கொத்திய கொத்தில் வல்லூறு அவனைப் போட்டுவிட்டுப் பறந்தது. உயிர் தப்பியது, ஆனால் ஒரு சிறகு தொங்கிப்போனது.

இசக்கியைப் புதருக்குள் கிடத்தி, அவன் காயத்தை அலகால் துடைத்தபடி மாடத்தி கேட்டாள். "ஒருத்தர் கூடவா பாக்கலை?"

"நான் பாத்தேன் அக்கா," என்றாள் பிச்சி.

"பாத்தியா? பின்னே ஏன்ட்டி கத்தலை?"

"கூவுறது உன் வேலைன்னு சொல்லியிருக்கியே."

திட்ட வாயெடுத்த மாடத்திக்குச் சுருக்கென்றது. அக்கா சொன்னதைத்தான் பிச்சி கேட்டிருக்கிறாள். அதைப் போய் எப்படிக் குற்றம் என்பது? எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் பாசம் என்று மாடத்தி நினைத்திருந்தாள். இத்தனை ஜோடிக் கண்கள் இருந்தும் பயனில்லாமல் போனது அதனால்தான் என்று இப்போது அவளுக்கு விளங்கியது.

"இனிமே நாம மேயும்போது ஒருத்தர் உச்சிக் கிளையில இருக்கணும்," என்றாள். "மேல இருக்கறவங்க கூவினா எல்லாரும் ஓடணும்."

"நீயுமா?" இசக்கி படுத்தபடியே கேட்டான்.

"நானுந்தான். ஆனா எங்கே மேயுறதுன்னு மேல இருக்கறவங்க சொல்லக் கூடாது. அது என் பொறுப்பு."

முதல் காவல் பிச்சிக்குக் கிடைத்தது; அதன் பிறகும் தினமும் அவளே மேலே ஏறினாள். ஒரு நாள் மாடத்தி சருகைப் புரட்டி, அடியில் குவியலாக வெள்ளைப் புழுக்களைக் கண்டாள். ஒன்றை அலகில் எடுத்ததுதான் தாமதம், மேலிருந்து பிச்சி கூவினாள். மாடத்தி ஒரு கணம் தயங்கினாள். பிறகு புழுவைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தாள். எல்லோரும் பாய்ந்தார்கள். வந்து விழுந்தது காற்றில் பிய்ந்த ஒரு பனையோலை. வெளியே வந்து பார்த்தால் மைனாக்கள் அத்தனை புழுவையும் தின்றுவிட்டிருந்தன.

"இவளை இனிமே மேல ஏத்தாதே அக்கா. தண்டனை குடு," என்று தங்கைகள் கொதித்தார்கள்.

மாடத்திக்கும் கோபம்தான். அதனால்தான் அவள் ஒதுங்கிக்கொண்டாள். "என் வாயில இருந்ததும் போச்சு. இப்போ நான் தீர்ப்புச் சொன்னா என் பசிதான் பேசும். நீங்க எல்லாரும் உக்காந்து பேசுங்க. முடிவு எதுவானாலும் நான் கேட்டுக்கிடுறேன்."

அக்கா முன்னால் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருத்தி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இன்னொருத்தி மறுத்தாள். பிறகு இசக்கியும் தத்தி ஏறிய ஒரு தாழ்ந்த கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்தே பேசினார்கள். அந்தக் கூச்சலில் குளத்தில் குளித்துக்கொண்டிருந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"எத்தனை ஓலைக்கு வேணும்னாலும் ஓடலாம்," என்றான் இசக்கி. "வல்லூறு வந்தப்போ ஓடாம இருந்தா என்ன ஆகும்னு என்னைக் கேளுங்க."

நடுத் தங்கை ஒருத்தி, "விடிஞ்சதிலேருந்து அவ மேலேயே இருக்கா. ஒரு வாய் தின்னாளா? பசியில கண்ணு இருட்டாம என்ன செய்யும்?" என்றாள்.

அதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. பிச்சி மேல் குற்றமில்லை என்று முடிவானது. உச்சியில் இருப்பவருக்குப் பசிக்கும் முன் அடுத்தவர் போய் மாற்றிவிட வேண்டும் என்றும் முடிவானது. யாரும் சொல்லாமலே மாடத்தி எழுந்து உச்சிக்குப் பறந்தாள்.

"இறங்கு, போய்ச் சாப்பிடு."

பிச்சி இறங்கும் முன் தயங்கினாள். "மேல இருந்தா எங்கே மேயுறதுன்னு சொல்லக் கூடாது அக்கா."

"தெரியும்ட்டி. கீழ இருக்கற மூத்தவ சொல்லட்டும்."

இன்றைக்கும் தவிட்டுக்குருவிகள் சருகு கிளறும்போது ஒன்று மட்டும் எதையும் கொத்தாமல் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் வேறொன்று போய் அதை இறக்கிவிடும். பிறகு எல்லாம் ஒட்டி உட்கார்ந்து காது கிழியக் கத்தும். சண்டை போடுகின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை அப்படிக் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வது, மாடத்தி தன் அதிகாரத்தைத் தங்கை தம்பிகளோடு பங்கு போட்டுக்கொண்ட அந்த நாள் முதல்தான்.