இரும்புக்கு நடுவே ஓர் இடம்

கிரேன் தயாராக இருந்தது. பெல்ட்டைத்தான் காணோம்.

பெல்ட் குழலியின் கழுத்தில் இருந்தது. சேம்பரைத் தூக்குவதற்கான மஞ்சள் பெல்ட் இரண்டையும் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, குடுத்துடுங்க. மத்தியானத்துக்குள்ள இறக்கி வைக்கணும்," என்றார் கிரேன் ஓட்டும் செல்லையா.

"மேடம் வந்து பதில் சொல்லட்டும் அண்ணே. அப்புறம் தர்றேன்."

தரைக்கு அடியில் ஒரு பெரிய கூடம் அது. நடுவில் வீட்டு உயரத்துக்கு இரும்புப் பலகைகள் வரிசையாக நின்றன. பலகைகளின் இடைவெளிகளில் ஒயர் சேம்பர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சேம்பர் என்றால் கதவளவு தட்டையான பெட்டி. உள்ளே வாயு. வாயுவுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், வீணைக் கம்பிபோல இழுத்துக் கட்டியவை. துகள்களை வேகமாக ஓடவிடும் முடுக்கி இயந்திரத்திலிருந்து வரும் துகள் ஒன்று குறுக்கே போனால், அது போன வழியைப் பக்கத்துக் கம்பி காட்டிக்கொடுக்கும்.

இரண்டு இடம் பாக்கி இருந்தது. ஒன்று முன்வரிசை. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். மற்றது நட்டநடுவில், இருட்டில்.

முன்வரிசை நவ்ஷாத்தின் சேம்பருக்கு. நடு, குழலியின் சேம்பருக்கு. காலையில்தான் அறிவிப்பு வந்தது.

"பெல்ட்டோட சேர்த்து உன்னையும் தூக்கிடப் போறாங்க," என்றான் நவ்ஷாத்.

"தூக்கட்டும். என் சேம்பருக்குக் கம்பி எல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் சேம்பருக்குத்தான் ஒண்ணு குறையுது."

நவ்ஷாத் சிரித்துவிட்டான். உண்மைதான். அவன் சேம்பரில் ஒரு கம்பி அறுந்து, அதை உருவி எடுத்திருந்தார்கள்.

பெனிட்டா மேடம் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே வந்தார். கூடத்தில் அத்தனை பேருக்கும் கம்பி கட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"என்ன குழலி, கோபமா?"

"இதே நவ்ஷாத் கேட்டா சந்தேகம்னு சொல்வீங்க. நான் கேட்டா மட்டும் கோபமா மேடம்?"

மேடம் தலையாட்டினார்.

"சரிதான். என்ன சந்தேகம்?"

"எங்க அக்கா கல்யாணத்துக்குக்கூட நான் மருதாணி வச்சுக்கல. தூள் உதிர்ந்து உள்ள விழுந்துடும்னு. தும்மல் வந்தா வாசலுக்கு ஓடியிருக்கேன். ஒவ்வொரு கம்பியையும் சுண்டி, சத்தம் கேட்டு, பிடிக்கலைன்னா அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். என் சேம்பர்ல ஒரு குறை சொல்லுங்க."

"இல்லை."

"அப்புறம் ஏன் மேடம் குறையுள்ளது முன்னாடி, குறையில்லாதது இருட்டுலயா?"

"உனக்கு முன்வரிசை வேணுமா?"

"நியாயம் வேணும்."

"சரி, மாத்திடலாம். நவ்ஷாத், உன்னுது நடுவுக்குப் போகுது."

நவ்ஷாத் தோளைக் குலுக்கினான். குழலிக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமாக ஜெயிப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. இன்னும் நாலு வாதம் மிச்சம் வைத்திருந்தாள்.

"ஒரு சின்ன வேலை," என்றார் மேடம். "நடு இடத்துல வாயுக் குழாய் ஒண்ணு வருது. அதோட திருகைக் கையால முறுக்க முடியுதான்னு பாத்துட்டு வா."

குழலி பெல்ட்டோடேயே போனாள். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளிழுத்து, இடைவெளிக்குள் தோளை நுழைத்தாள். தலைக்கவசம் இரும்பில் இடித்தது. கையை நீட்டினாள். விரல் நுனி திருகைத் தொட்டது. முறுக்க முடியவில்லை. அவள் வெளியே வர, செல்லையா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சட்டையில் துரு அப்பியிருந்தது.

"மேடம், இப்பவே கை எட்டல. இன்னும் சேம்பரே வைக்கல."

"ஆமா."

"சேம்பரும் வந்து, முன்பலகையும் போட்டு மூடிட்டா?"

"அப்புறம் யாரும் போக முடியாது. சோதனை முடியுற வரைக்கும் பலகையைக் கழட்ட மாட்டாங்க."

"முன்வரிசையில?"

"அதை எப்ப வேணா கழட்டலாம். அறுந்த கம்பியை, இடத்துல வச்ச பிறகுகூடக் கட்டிக்கலாம்."

குழலி நவ்ஷாத்தின் சேம்பரைப் பார்த்தாள். பிறகு நடு இடைவெளியைப் பார்த்தாள்.

"அதைப் போய் யாராவது இதுக்குள்ள வைப்பாங்களா? நீங்க எப்படி மேடம் சரின்னு சொன்னீங்க?"

"நீதானே கேட்டே?"

"நான் கேட்டா? நான் தப்பாக் கேட்டா தப்புன்னு சொல்லணும். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க!"

செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல மேடம்? சொல்லாம விட்டா மனுஷங்களுக்கு வேற என்னதான் தோணும்?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

மேடம் தப்பை ஒத்துக்கொண்டதும் குழலிக்கு அடுத்த வாதம் மறந்துபோனது. ஆனாலும் பெல்ட்டைக் கழற்றவில்லை. பெல்ட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"கேளு."

"உள்ள போயிட்டா என்னுதை யாருமே பாக்க மாட்டாங்க. யார் கட்டினதுன்னு ஒருத்தராவது கேப்பாங்களா?"

"கேப்பாங்களே. அது கெட்டுப்போச்சுன்னா அன்னிக்கே இந்தக் கூடம் முழுக்க உன் பேரைத்தான் கேக்கும்," என்றார் மேடம். "கேக்கணுமா?"



குழலி பெல்ட்டைக் கழுத்திலிருந்து எடுத்து செல்லையாவிடம் கொடுத்தாள்.