முற்றுகையில் ஒரு பிடி சோறு

அண்ணன் கோட்டைக்குள்ளே ராஜா. அரியணைக்கு ஆசைப்பட்ட தம்பி, வெளியே படையோடு முற்றுகை. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்ச்சனம் கஞ்சித் தண்ணியைக் குடித்துக் காலம் தள்ளியது.

"எனக்கும் அதே கஞ்சிதான்" என்று களஞ்சிய அதிகாரி விருபாட்சி தினமும் தொப்பையைத் தடவிக்கொண்டே சொல்வார். ஒருநாள் கஞ்சி வரிசையில் நின்ற தண்ணீர்க்காரி மாடத்திக்குப் பொறுக்கவில்லை. "பொய்! இவர் வீட்டுல சோறு பொங்குது!" என்று கத்திவிட்டாள்.

அதிகாரி அவளை ராஜாவிடம் இழுத்துப் போனார். "என் வாசலை மிதிக்காமல் இவள் இதை நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் கோட்டைக்கு வெளியே, எதிரியின் அம்புக்கு முன்னால் தள்ளுங்கள்!"

"உச்சிவேளை வரட்டும் மகாராஜா. அரண்மனை மேல்மாடியில நின்னு காட்டுறேன்" என்றாள் மாடத்தி.

உச்சிவேளையில் ராஜா மாடி ஏறிப் பார்த்தார். ஊரில் எந்தக் கூரையிலும் ஒரு காக்கை இல்லை. அதிகாரி வீட்டுக் கூரையில் மட்டும் கருகருவென்று கூட்டம், இறகு பறக்கச் சண்டை!

"என்ன இது?" என்றார் ராஜா.

மாடத்தி பணிவாகச் சொன்னாள்: "ஐயா வீட்டுல சாஸ்திரம் தவறாது மகாராஜா. காக்காவுக்கு ஒரு பிடி வைக்காம யாரும் சோத்துல கை வைக்க மாட்டாங்க."

மறுநாள் உச்சிவேளையில் ஊரில் எல்லாக் கூரையிலும் காக்கை இருந்தது, அதிகாரி வீட்டைத் தவிர.