நாய்க்குப் போட வந்த அரளி மாலை

ஒரு ஊர்ல, ஊர்னா பெரிய ஊரு, அங்க ராசா அரமனை இருக்கு, அரமனைக்குப் பின்னால நந்தவனம் இருக்கு, அந்த நந்தவனத்துக்கு ஒரு காவக்காரன் இருந்தான். பேரு மொக்கையன். காவக்காரன்னு பேருதான், மத்தியானம் கூழைக் குடிச்சான்னா மாமரத்தடியில சாஞ்சு கொறட்டை விட ஆரம்பிச்சிருவான். அப்ப காவலை யாரு பாத்தா? அவன் வளத்த நாய் கருவாச்சி பாத்துச்சு. அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, அந்த நாய்தான் எல்லாம். "எங்க நான் சம்பாதிக்கேன், என் மக சம்பாதிச்சுப் போடுறா"ன்னு ஊரெல்லாம் கூசாம சொல்லிக்கிட்டுத் திரிவான்.

அந்தத் தோட்டத்தை மேல்பார்வை பாக்குறவரு மணியக்காரர் தவசியப்பர். நெத்தி நெறைய விபூதி, வாய் நெறைய சிவ சிவா, கை மட்டும் சும்மா இருக்காது. காவக்காரன் தூங்குற நேரமாப் பாத்து ராசாவோட செவ்வாழைத் தாரை வெட்ட வருவார். வந்தா கருவாச்சி கொலைச்சு ஊரைக் கூட்டிரும். இவரு அருவாளைக் கீழ போட்டுட்டு, "களை பறிக்க வந்தேன்"னு கையை வேட்டியில தொடைப்பார். மறுபடி வருவார், மறுபடி கொலைக்கும், மறுபடி தொடைப்பார். இந்த நாய் இருக்குற வரைக்கும் ஒரு பழம் நம்ம வாய்க்கு வராதுன்னு அவருக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

நந்தவனம்னா மல்லியும் ரோசாவும் மட்டுமா இருக்கும்? ஊமத்தை இருக்கு, காந்தள் இருக்கு, அரளி இருக்கு. அழகாத்தான் பூக்கும், தின்னா உசுரை எடுத்துரும். ஏய் புள்ள, கதை கேக்கையில போர்வையை ஒருத்தியே இழுக்காத, தம்பிக்கும் குடு.

மொதல்ல அவரு ஊமத்தங்காயை நசுக்கித் தயிர்சோத்துல பெசைஞ்சு வச்சார். கருவாச்சி மோந்து பாத்துச்சு, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிருச்சு. அப்புறம் காந்தள் கிழங்கைக் கருவாட்டோட வேகவச்சு வச்சார். கருவாட்டு வாசத்துக்கு அது ஏமாந்துருச்சு, ஒரு கடி கடிச்சிருச்சு. அப்புறம் கேக்கணுமா? வாயில நொரை, வயித்துல இருந்ததெல்லாம் வெளிய, நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்குது. மொக்கையன் முழிச்சுப் பாத்துட்டு அதை அள்ளி மடியில போட்டுக்கிட்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிராதடி"ன்னு குழந்தை மாதிரி அழுதான். நல்ல காலம், கொஞ்சமாத் தின்னதால அது பொழைச்சுக்கிருச்சு. கடிச்சுப் போட்ட கிழங்கைப் பாத்ததும் யாரோ வேணும்னே வச்சதுன்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு, ஆனா யாருன்னுதான் தெரியல. அன்னையில இருந்து மத்தியானத் தூக்கமும் போச்சு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வைரவர் கோயில் பூசை அன்னைக்கு சாமி கழுத்துல போட்ட செவ்வரளி மாலையை எடுத்து ஒரு நாய் கழுத்துல போட்டு மரியாதை பண்ணுவாங்க, நாய் அவருக்கு வாகனமாச்சே. சாமி குடுத்ததை யாரும் வேண்டாம்னு சொல்லப்படாது, சொன்னா தெய்வக் குத்தம். அந்த வருசம், "நம்ம கருவாச்சிக்கே போடுவோம் ராசா"ன்னு தவசியப்பர்தான் யோசனை எடுத்துக் குடுத்தார். எடுத்துக் குடுத்துட்டு, கோயில்ல இருந்து மாலையைக் கொண்டு வர்ற வழியில அதை வெல்லப்பாகுல முக்கி எடுத்துட்டார்.

ராசா உக்காந்திருக்கார், ஊரே கூடியிருக்கு, தவசியப்பர் கையில மாலை கிட்ட வருது. கருவாச்சி நாக்கை நீட்டிருச்சு. மொக்கையனுக்கு ஒரு பழக்கம், தின்பண்ட வாசம்னா ஒரு காதத்துக்கு அங்கிட்டே மூக்கு மோப்பம் பிடிச்சிரும். இவ்வளவு வெல்ல வாசம் அடிக்குதே, சாமி மாலைக்குப் பாகு எதுக்குன்னு யோசிச்சான். யோசிச்சதும் அன்னைக்கு நாய் பட்ட பாடு ஞாபகம் வந்துச்சு, பாகு இனிப்புக்கு அது அரளியைத் தின்னுருமேன்னு புரிஞ்சு போச்சு. வேண்டாம்னு சொல்லவும் முடியாது. நாயை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மொள்ள வாயைத் தொறந்தான்.

"ராசா, சாமி குடுத்ததை நான் தடுக்கல. ஆனா பெரியவங்க இருக்கையில நாய் மொதல்ல வாய் வைக்கலாமா? மணியக்கார ஐயா ரெண்டு பூவைத் தின்னுட்டுக் குடுக்கட்டும்."

தவசியப்பர் இன்னிக்கு விரதம்னார். விரதத்துக்குப் பிரசாதம் ஆகும்னு ராசா சொன்னார். வயிறு சரியில்லைன்னார். ரெண்டு பூ வயித்தை என்ன செய்யும்னு ராசா கேட்டார். பல்லு வலின்னார். ராசா எந்திரிச்சு நின்னுட்டார். "அப்ப கடிக்க வேண்டாம், நக்கும்"னார்.

அவ்வளவுதான், மணியக்காரர் மாலையைக் கீழ போட்டுட்டு ராசா கால்ல விழுந்து வாழைத்தாரு, ஊமத்தங்காய், காந்தள் கிழங்கு எல்லாத்தையும் கக்கிட்டார். மொக்கையனுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. கருவாச்சி மூஞ்சியில மூஞ்சியை வச்சுக்கிட்டு, சிரிக்கிறானா அழுகுறானான்னு தெரியாம உக்காந்திருந்தான்.

ராசா தலையை வாங்கல. "இனி கருவாச்சிக்குச் சோறு நீரே பெசைஞ்சு வைக்கணும், ஊர் பாக்க மொத வாயை நீரே திங்கணும்"னு தீர்ப்புச் சொல்லிட்டார். மறுநாள் பூரா ஊரும் வேடிக்கை பாக்க வந்துருச்சு. தவசியப்பர் குத்தவச்சு ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்னு, முழுங்கி, வாயைத் தொறந்தும் காட்டுனார். அதுக்கப்புறந்தான் கருவாச்சி தட்டுல வாய் வச்சுச்சு.

பூத்துக் குலுங்குதேன்னு கண்டதையும் நாய் வாய்க்கு எட்ட வைக்காதீங்க புள்ளைகளா, அதுக்குச் சொல்லத் தெரியாது. கதை வீடு போய்ச் சேந்துருச்சு, நீங்களும் கண்ணை மூடிச் சேருங்க.