மூன்று வருஷம் வெட்டாத மரம்

ரஹீமா தன் ஃபிளாட்டில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை போன்சாய்க் குட்டை மர வகுப்புக்கு, தணிகாசலம் ஒரு மரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வளர்க்கிற ஃபைகஸ் என்ற ஆல வகை, ஒரு முழம்கூட இருக்காது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ரஹீமாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"இலை கொட்டுது டீச்சர். ஏதாவது மருந்து சொல்லுங்க."

ரஹீமா மரம் நின்ற தட்டையான தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்பு வழியாக ஓடியது.

"மண்ணே இல்ல ஐயா, முழுக்க வேர்தான். எப்போ மண் மாத்தினீங்க?"

"நான் மாத்தல. என் சம்சாரம் வத்சலா மாத்தினா. அவ போய் மூணு வருஷம் ஆச்சு."

கிளைகளெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாக நீண்டு கிடந்தன.

"கிளையும் வெட்டலையா?"

"ஒரு இலைகூட வெட்டல. அவ விட்டுட்டுப் போன மாதிரியே வச்சிருக்கேன்." அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

"வேர்ல மூணுல ஒரு பங்கை வெட்டணும். மண்ணையும் மாத்தணும். இல்லன்னா ரெண்டு மாசம் தாங்காது."

"ஐயோ, வேணாம் டீச்சர்! அவ கை பட்ட மண்ணு. புடவை, பாத்திரம் எல்லாத்தையும் பிள்ளைங்க யாருக்கோ குடுத்துட்டாங்க. எனக்குன்னு இது ஒண்ணுதான். இதையும் வெட்டிட்டா அவ செஞ்சதுல என்ன மிச்சம்?"

ரஹீமா மரத்தைத் திருப்பி, தண்டில் இருந்த ஒரு பழைய தழும்பைத் தொட்டார்.

"இது யார் வெட்டினது?"

"அவதான்."

"இது?"

"அதுவும் அவதான். ஒரு பொங்கலன்னிக்கு வெட்டினா. நல்லாருக்கான்னு கேட்டா. நான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல."

"இந்தக் கிளை எங்கேர்ந்து கிளம்பியிருக்குன்னு பாருங்க."

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தழும்புக்குக் கீழேயிருந்துதான் கிளை வந்திருந்தது. இன்னொன்றைப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"அவ இருந்திருந்தா இந்நேரம் எத்தனை தடவை வெட்டியிருப்பா..." என்றார்.

ரஹீமா கத்தரியை அவர் கையில் வைத்தார்.

"மூணு வருஷமா அவங்க வேலை பாதியில நிக்குது ஐயா."

தணிகாசலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.